ஒப்பம் வைக்க முன்னம்

வட்டக்கச்சி

அன்புள்ள பிள்ளைக்கு,

ஒப்பறேசனுக்கு ஒப்பம் வைக்கச் சொல்லினம் எண்டாய். உனக்கு இருக்கிறது மூலமில்லை. மலம் போகேக்க கீறிக் கிழிக்கிற வலி, பிறகு மணிக்கணக்கா எரிவு, கடதாசியில பளிச்செண்ட சிவப்பு ரத்தம். ஆசனவாய் வெடிப்பு. 6 கிழமைக்கு மேல ஆறாட்டி நாட்பட்டது. ஆசனவாயை மூடி வைச்சிருக்கிற உள்வளையத் தசை இறுகியே கிடக்க அந்த இடத்துக்கு ரத்தம் குறையுது, புண் ஆறுதில்லை.

அந்தத் தசையைத் தளர்த்துற டில்ட்டியாசம் 2 வீதக் களிம்பை நாளுக்கு 2 தரம், 6–8 கிழமை விடாமல் பூசினனியோ? இல்லையெண்டால் முதல் அதை முடி. எரிவு குறைஞ்ச உடனே விடுறதாலதான் கனபேருக்குத் திரும்பி வருது.

அதுக்கும் ஆறாட்டி ஸ்பிங்டரோட்டமி எண்ட ஒப்பறேசன் சொல்லுவினம். வெடிப்பில இல்லாமல் ஆசனவாயின்ர பக்கவாட்டில, உள்தசையின்ர கீழ்ப்பகுதியை மட்டும் வெட்டுறது. பத்தில ஒன்பது பேருக்கு ஆறும், அண்டைக்கே வீட்ட வரலாம். முந்தி வெடிப்புக்குள்ளேயே வெட்ட, சாவித் துவாரம் மாதிரிப் பள்ளம் விழுந்து மலம் கசிஞ்சது. விரல் விட்டு விரிக்கிற பழைய முறைக்குச் சம்மதிக்காதை. தசை எங்க, எவ்வளவு கிழியுதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

உனக்கு என்ர பயம் வேற. உன்ர பிரசவம் ஃபோர்செப்ஸ் ஆயுதம் போட்டுப் பிள்ளையை எடுத்தது, தையலும் போட்டது. பொம்பிளையளுக்கு முன்பக்கத் தசை கட்டை. அது ஏற்கெனவே கிழிஞ்சிருந்தால், உள்தசையையும் வெட்டினாப் பிறகு காத்து அடக்கேலாமல் போகலாம், சிலருக்கு மலமும். நீயாச் சொல்லாட்டி டாக்டருக்குத் தெரியவராது. ஆசனவாய் ஸ்கான் எடுத்துத் தசையைப் பாக்கச் சொல்லு. வெட்டுறதெண்டால் எவ்வளவு நீளம் எண்டு கேள். வெடிப்பின்ர நீளத்துக்கு மட்டும் வெட்டினால் கசிவு குறைவு, திரும்பி வர வாய்ப்புக் கொஞ்சம் கூட.

தசை பழுதெண்டால் வெட்டாத வழி இருக்கு. பக்கத்துத் தோலை நகர்த்திப் புண்ணை மூடித் தைக்கிறது. தையல் விடலாம், கிருமி தொத்தலாம், ஆனால் அடக்கிற பலம் போகாது. பொட்டொக்ஸ் ஊசி ஏறக்குறைய 3 மாதம் தசையைத் தளர்த்தும். பிறகு வெடிப்பு திரும்பலாம்.

வெடிப்பு முன்னுக்கோ பின்னுக்கோ நடுக்கோட்டில இல்லாமல் பக்கவாட்டில இருந்தால் வெட்ட விடாதை. குரோன்ஸ் எண்ட குடல் அழற்சி, கசம் மாதிரி வேற வருத்தம் இருக்கோ எண்டு முதல் பாக்கவேணும்.

ஒப்பறேசனுக்குப் பிறகு கோடீன் கலந்த வலிக்குளிசை வேண்டாம், மலத்தை இறுக்கும். பரசிட்டமோல் கேள். இளஞ்சுடுதண்ணியில 10–15 நிமிசம் இரு. குரக்கன் பிட்டு, கீரை, பப்பாசி, தண்ணி நிறைய. காய்ச்சல், சீழ், சலம் போகாமை வந்தால் விடியுமட்டும் பாத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போ.

பிரசவ நேரத்தில ஆஸ்பத்திரியால விடேக்க எழுதித் தந்த டயக்னோசிஸ் காட் இஞ்ச அலுமாரியிலதான் கிடக்கு. குரக்கன்மாவோட கொழும்பு பஸ்ஸில விடுறன். அதைக் காட்டுமட்டும் ஒப்பம் வைக்காதை.

அம்மா