மோதிரம் பத்திரமாக இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'ஸ்விட்ச் வாங்கியாச்சு, எதில் ஆரம்பிக்கலாம்?' என்று நின்டெண்டோவின் ஸ்விட்ச் கேம் கருவியைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வியூக ஆட்டம் பிடித்தவர்கள் 'ஃபயர் எம்ப்ளம்' வரிசையில் 'எங்கேஜ்' ஆட்டத்திலிருந்து தொடங்கலாம், அதுதான் எளிது என்று அதில் சொல்லியிருந்தார்கள். எளிது என்பதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் அதில் தொடங்கும் ஒரு பிள்ளை, இந்த வரிசையைப் பற்றி நாங்கள் ஏன் இருபது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று தெரியாமலே போய்விடுவான். எங்கள் வீட்டிலேயே அது நடந்தது.

என் ஆயா குடியாத்தத்தில் திண்ணையில் கரியால் கட்டம் போட்டு ஆடுபுலி ஆடுவாள். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆட்டுக்குப் புளியங்கொட்டை, புலிக்குக் கூழாங்கல். ஒரு கொட்டையைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டு நான் எடுக்கப் போனால் கைமேல் ஒரு தட்டு விழும். "வச்ச ஆடு வச்சதுதான்டா, இன்னாத்துக்கு கைய நீட்ற?" வெட்டுப்பட்ட ஆடு அவள் மடிக்குப் போய்விடும், அந்த ஆட்டம் முடியும்வரை திரும்பாது.

2004-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா கையில் வைத்து ஆடும் ஒரு கேம் பாய் அட்வான்ஸும் அதற்கு ஒரே ஒரு ஃபயர் எம்ப்ளம் கேட்ரிட்ஜும் கொடுத்தார். எனக்கு அது சட்டென்று பிடிபட்டதற்குக் காரணம் ஆயாதான். கட்டம் போட்ட மேப். நம் ஆட்களை நாம் நகர்த்தி முடித்ததும் எதிரி நகர்த்துவான். வாள் கோடரியை வெல்லும், கோடரி ஈட்டியை, ஈட்டி வாளை. இரும்பு வாள் என்றால் 46 வீச்சு, அதற்குப் பிறகு உடைந்துவிடும். நம் ஆள் செத்தால் செத்ததுதான். 1990-இல் நின்டெண்டோவின் பழைய ஃபேமிகாம் கருவியில் வந்த முதல் ஆட்டத்திலிருந்தே சாவுக்கு இதுதான் சட்டம்.

அந்த கேட்ரிட்ஜில் டார்கஸ் என்று ஒரு கோடரிக்காரன். கொள்ளைக்காரர்களோடு சேர்ந்திருப்பான். கெட்டவன் இல்லை, பெண்டாட்டி நடாலிக்குக் கால் சரியில்லை, வைத்தியத்துக்குப் பணம் வேண்டும், அதனால் போனவன். வேலூர்க்காரனுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுமா? காந்தி ரோட்டில் நடந்தால் லாட்ஜ் வாசலில் வங்காளத்தில் எழுதிய போர்டு. மருந்துச் சீட்டும் ஸ்கேன் உறையுமாக, வீட்டில் எதை விற்றுவிட்டு வந்தார்களோ, ஒரு ஜனமே உட்கார்ந்திருக்கும். பத்தாவது படித்த எனக்கு டார்கஸ் அந்த வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆளாகத்தான் தெரிந்தான்.

அவனை நான்தான் கொன்றேன். எதிரி வாள்காரன் எத்தனை கட்டம் வருவான் என்று எண்ணியதில் ஒன்று குறைந்துவிட்டது. வாளுக்கு எதிரே கோடரி, அதுவும் அவன் மெதுவான ஆள், இரண்டு வெட்டு விழுந்தது. அணைத்துவிட்டு அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து ஆடலாம், எல்லாரும் அதைத்தான் செய்வார்கள், நானும் எத்தனையோ முறை செய்திருக்கிறேன். அன்றைக்கு ஒரு மணி நேரம் ஆடியாகிவிட்டது, காலையில் கணக்குப் பரீட்சை, அப்படியே விட்டுவிட்டேன். கடைசியில் யார் யார் என்ன ஆனார்கள் என்று வரிசையாக வந்தபோது நடாலியிடம் திரும்பிப் போக ஆளில்லை. பரீட்சையில் என்ன மார்க் வாங்கினேன் என்பது மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

இப்போது எங்கேஜுக்கு வருகிறேன். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: சண்டை பிரமாதம். முந்தைய 'த்ரீ ஹவுஸஸ்' (2019) தூக்கிவிட்ட வாள்-கோடரி-ஈட்டி முக்கோணத்தைத் திரும்பக் கொண்டுவந்து, அதில் புதிதாக ஒரு கொக்கியும் போட்டிருக்கிறார்கள். சரியான ஆயுதத்தால் அடித்தால் எதிரியின் கை தளர்ந்து அவனால் திருப்பி அடிக்க முடியாது. மேப் ஒவ்வொன்றும் யோசித்துப் போட்டது. ராத்திரி பதினொன்றுக்கு உட்கார்ந்தால் மணி இரண்டாவது தெரியாது.

ஆனால் அந்த மேப்பில் நிற்பவர்கள் யார்? பன்னிரண்டு மோதிரம், ஒவ்வொன்றிலும் பழைய ஃபயர் எம்ப்ளம் நாயகர் ஒருவர் ஆவியாக இருக்கிறார். முதல் ஆட்டத்து நாயகன் மார்த் முதல் மோதிரம், என் பழைய கேட்ரிட்ஜின் நாயகி லின்னும் ஒரு மோதிரம். விரலில் போட்டுக்கொண்டால் அவர் பலம் வரும், மூன்று டர்ன் அவரோடு ஒன்றாகலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பது என்னவென்றால், பலம் முழுக்க மோதிரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது, ஆள் வெறும் விரல் ஆகிவிடுகிறான். இடைவேளையில் போய்த் தங்கும் இடத்தில் அந்த மோதிரங்களைத் துணியால் தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலை வேறு. லாங்கு பஜார் நகைக்கடைப் பையன் போல நான் சிகுர்ட் என்ற பழைய நாயகனின் மோதிரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தண்டால் எடுப்பது, மீன் பிடிப்பது, நாய்க்குட்டி வளர்ப்பது எல்லாம் உண்டு. ஆட்கள் ஒருவரோடு ஒருவர் பேசினால் ஒருத்திக்கு உடற்பயிற்சி, ஒருவனுக்குத் தேநீர், அதற்குமேல் பேச்சு நகராது. நாயகன் ஆயிரம் வருஷம் தூங்கி எழுந்த கடவுள் டிராகன். மூன்றாம் அத்தியாயத்திலேயே அவன் அம்மா செத்துப்போகிறாள், அவன் கதறுகிறான், எனக்கு ஸ்கிப் பட்டன் தேடத் தோன்றியது. அம்மாவோடு நாம் இரண்டு வேளை சேர்ந்து சாப்பிடக்கூட இல்லையே!

பழைய ஆட்கள் நினைப்பது போல, செத்தவர் திரும்பும் 'கேஷுவல்' முறைமீது பழி போட நான் தயாரில்லை. அது 2010-லேயே வந்துவிட்டது. 2012-இல் இதே வரிசையில் வந்த 'அவேக்கனிங்' ஆட்டம் இரண்டரை லட்சம் பிரதி விற்காவிட்டால் இந்த வரிசையையே மூடிவிடுவதாக இருந்தார்கள். கேஷுவலும் ஆட்களுக்குக் கல்யாணம் செய்துவைக்கும் வசதியும் பார்த்து வந்த கூட்டம்தான் அதைக் காப்பாற்றியது. காலத்தைத் திருப்பி நகர்வை மாற்றும் வசதி த்ரீ ஹவுஸஸிலும் இருந்ததே. இருந்தும் அதில் மனசு கனத்தது. பள்ளியில் ஒன்றாகச் சாப்பிட்டு, பிறந்தநாளுக்குப் பூ கொடுத்த பிள்ளைகள் ஐந்து வருஷம் கழித்து எதிரணியில் வந்து நிற்பார்கள். அந்த அடியைத் திருப்பிப் போட எந்த மந்திரமும் இல்லை. எங்கேஜில் விதியும் தளர்ந்துவிட்டது, இழப்பதற்கு ஆளும் இல்லை. கதையில் செத்த சிலர்கூட மறு உயிரோடு எழுந்து நிற்கிறார்கள்.

ஒரே ஒரு இடம் விதிவிலக்கு. பத்தாம் அத்தியாய முடிவில் கையிலிருந்த ஆறு மோதிரத்தையும் காலத்தைத் திருப்பும் படிகத்தையும் எதிரி பிடுங்கிக்கொள்கிறான். பதினோராம் அத்தியாயம் முழுக்க ஓட்டம். நம் மோதிரம் எதிரி விரலில். வைத்த ஆடு வைத்ததுதான். கட்டத்தை இரண்டு தடவை எண்ணினேன், உள்ளங்கை வியர்த்தது, ஆயா ஞாபகம் வந்தது. இதைச் செய்யத் தெரிந்தவர்கள்தான் மீதி இருபத்துச் சொச்சம் அத்தியாயத்தையும் செய்திருக்கிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அக்கா பையன் காட்பாடியில் கல்லூரியில் படிக்கிறான். ரிச்சி தெருவில் வாங்கிவந்த எங்கேஜை, "செத்தவங்க திரும்பாத கிளாசிக் முறையில்தான் ஆடணும்" என்று சொல்லி அவனிடம் கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டி என்ற வில்லாளிப் பெண்ணை முன்னே விட்டுவிட்டான். கோடரிக்காரன் ஒட்டி வந்து நின்றான். ஒட்டி நிற்பவனை வில்லால் திருப்பி அடிக்க முடியாது. விழுந்தாள். திருப்பும் வாய்ப்பும் தீர்ந்திருந்தது. நான் "ஐயோ" என்றேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மோதிரம் பத்திரமா இருக்கு மாமா" என்று சொல்லி, அதை எடுத்து வேறொருத்தர் விரலில் மாட்டிவிட்டான். அரை மணி கழித்து அந்தப் பெண் பேர் என்ன என்று கேட்டேன். "யாரு?" என்றான்.

பையன்மேல் தப்பில்லை. அந்த ஆட்டம் அவளை நினைவில் வைத்துக்கொள்ள அவனுக்கு எதையும் கொடுக்கவில்லை.

ஆகவே, கட்டுரையாளரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை இப்படிப் பட்டியல் போட்டால் த்ரீ ஹவுஸஸை மேலே வையுங்கள், எங்கேஜைச் சண்டைக்காக மட்டும் என்று குறித்துக் கீழே வையுங்கள்.

எங்கேஜ் முடிந்ததும் பரணிலிருந்து என் பழைய கேம் பாயை இறக்கி அவனிடம் கொடுத்தேன். பேட்டரி மூடி தொலைந்துவிட்டது, ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறேன். திரை மங்கல் என்று இரண்டு நாள் முனகினான். நேற்று ராத்திரி போன் வந்தது. பாழடைந்த கோட்டையில் நடாலியைப் பார்த்துவிட்டானாம். "மாமா, கொள்ளைக்காரன் கூட்டத்துல நிக்கிறது இவ புருஷன்தானே? அடிக்காம நம்ம பக்கம் கூப்பிட முடியுமா?"

லின்னை அனுப்பிப் பேசச் சொன்னேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
சத்துவாச்சாரி, வேலூர்.