அந்த இருபது விநாடியும் அதற்குப் பிறகும்

அன்புத் தோழிக்கு,

எல்லாரும் நலம், வீடு நிற்கிறது என்று நிலநடுக்கம் வந்த அன்றைக்கு அனுப்பிய இரண்டு வரிக்கு மேல் உனக்கு நான் எதுவுமே எழுதவில்லை. நீயும் மூன்று முறை கேட்டுவிட்டாய். எழுத உட்காருவேன், யாராவது மாடியில் நாற்காலியை இழுப்பார்கள், அவ்வளவுதான், பேனாவை வைத்துவிட்டு எழுந்து நிற்பேன். இன்றைக்கு மகள் பள்ளிக்குப் போய்விட்டாள், அத்தை தூங்குகிறார், எப்படியும் முடித்துவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் உன் செய்தி. அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு லேசானது. அவர் மறுபடி புத்தகம் படிக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்தேன். அவருடைய அறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கடைசியில் சொல்கிறேன்.

சரி, நீ கேட்டது. எப்படி இருந்தது?

விடிவதற்குக் கொஞ்சம் முன்னால். நான் ஏற்கெனவே எழுந்து சமையலறையில் நின்றிருந்தேன். முதலில் வந்தது சத்தம்தான்டி, ஆட்டம் இல்லை. பாரம் ஏற்றிய லாரி ஒன்று வீட்டுக்கு அடியில் போவது போல ஓர் உறுமல், காதில் கேட்டதைவிட வயிற்றில் அதிகம் கேட்டது. கூடவே கீழிருந்து மேலாக ஒரு குலுக்கல், அலமாரியில் தட்டுகள் கிலுகிலுவென்றன. அப்புறம் கொஞ்சம் அடங்கினாற்போல இருந்தது. போய்விட்டது, இவ்வளவுதான் என்று நான் மூச்சை விட்ட அதே நேரத்தில் தரை பக்கவாட்டில் நழுவியது. ஆடியது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, நழுவியது என்பதுதான் சரி. கால் ஓரிடத்தில், உடம்பு ஓரிடத்தில். சுவர் சுவராகத்தான் இருந்தது, ஆனால் அதன் மூலை கண்ணெதிரில் வளைந்து நிமிர்ந்தது. வாளித் தண்ணீர் ஒரு பக்கமாக எழும்பி வெளியே கொட்டியது. விளக்கு அணைந்தது.

அந்த இடைவெளி ஏன் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். நிலத்துக்குள் பாறை முறிந்து நகரும்போது இரண்டு வகை அலைகள் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. முதலாவது அழுத்தி விரிந்து போகும் அலை, நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் வேகம். அதுதான் உறுமலும் குலுக்கலும். பக்கவாட்டில் அசைக்கும் அலை பின்னால் வருகிறது, நொடிக்குச் சுமார் 3.5 கிலோமீட்டர்தான், ஆனால் வீடுகளைச் சாய்ப்பது பெரும்பாலும் அதுதான். இரண்டுக்கும் நடுவில் எத்தனை விநாடி என்று எண்ணி எட்டால் பெருக்கினால் எவ்வளவு தூரத்தில் முறிந்தது என்பது ஏறக்குறைய வந்துவிடும். எனக்கு அது ஐந்து விநாடி இருக்கும், அதாவது நாற்பது கிலோமீட்டர். கைபேசிக்கு முன்கூட்டியே வரும் எச்சரிக்கையும் இந்த இடைவெளியை வைத்துத்தான், முதல் அலையைக் கருவி பிடித்ததும் இரண்டாவது வருவதற்குள் செய்தி ஓடிவிடுகிறது. ஐந்து விநாடியில் என்ன செய்துவிட முடியும் என்று முன்னால் நினைப்பேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஒரு மேசைக்கு அடியில் போய்விட முடியும்.

இனி எழுதுவதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. குனிந்து உட்கார், தலையை மறைத்துக்கொள், உறுதியான எதையாவது பிடித்துக்கொள் என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். அத்தனையும் தெரிந்த நான், தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். ஓடவில்லை, குனியவில்லை, குழந்தையைக் கூப்பிடக்கூட இல்லை. பயம் என்று சொல்வதா, அதுவும் தெரியவில்லை, பயப்பட ஆள் அங்கே இருந்ததாகவே தோன்றவில்லை. இருட்டில் கூடத்திலிருந்து அவள் குரல்தான் வந்தது: "அம்மா, நிக்காதே, உட்காரு! உட்காரு!" அவள் எழுந்து மேசைக்கு அடியில் போய் அதன் காலைக் கட்டிப் பிடித்திருக்கிறாள். பள்ளியில் மணி அடித்து அடித்துப் பழக்கியதை அவள் உடம்பு அப்படியே செய்துவிட்டது. நான் படித்துத் தெரிந்துகொண்டவள், ஒரு முறைகூடச் செய்து பார்த்தவள் இல்லை. அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் முட்டி மடங்கியது.

இரண்டு நிமிடம் ஆடியது என்று சத்தியம் செய்திருப்பேன். கருவிகளின் கணக்குப்படி பலமான ஆட்டம் இருபது விநாடியாம். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் சில இடங்களில் ஐந்தாறு நிமிடம் ஆடியது என்று முன்பு ஒரு தகவலாகப் படித்துவிட்டுக் கடந்துபோனேன். இப்போது அந்த எண்ணை நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது.

ஆட்டம் நின்றதும் வாசலுக்குப் போனோம், கதவு திறக்கவில்லை. நிலை கோணிக்கொண்டதில் தாழ்ப்பாள் இறுகிவிட்டிருந்தது. அவர் தோளால் இடிக்க, நான் அத்தையைத் தாங்கிப் பிடித்திருக்க, மேலிருந்து சுண்ணாம்புப் பொடி எங்கள் தலையில் மாவு சலிப்பது போல மெல்ல விழுந்துகொண்டிருந்தது. அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. எப்படியோ திறந்தது. நிலைப்படிக்கு அடியில் நின்றால் பத்திரம் என்று நாம் சின்ன வயதில் கேட்டிருப்போமே, இன்றைய வீடுகளில் அதற்குத் தனிப் பலம் எதுவும் இல்லை. எங்கள் நிலை கோணிய கோணலைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

தெருவில் பாதிப் பேர் வெறுங்காலோடு இருந்தார்கள். கண்ணாடிச் சில்லு குத்தி ரத்தம் வருவதே பலருக்குத் தெரியவில்லை. ஒன்று கவனித்தேன், எல்லாரும் கால்களை அகட்டி வைத்து, படகில் நிற்பவர்களைப் போல நின்றார்கள். தரை நின்றுவிட்டது, யாரும் நம்பத் தயாராக இல்லை.

பின்னதிர்வுகள்தான் ஆளைக் கரைத்துவிட்டன. முதல் நாள் எண்ண முடியாத அளவுக்கு வந்தன. ஒமோரி என்ற ஜப்பானிய அறிஞர் 1894-லேயே இதற்கு ஒரு கணக்கு கண்டுபிடித்திருக்கிறார்: நாள் போகப் போகப் பின்னதிர்வுகள் குறையும், பத்தாம் நாளில் முதல் நாளில் வந்ததில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வாரத்தைத் தள்ளினேன். ஆனால் எண்ணிக்கைதான் குறையும், வருவது சிறியதாகவே இருக்கும் என்று அதற்கு அர்த்தமில்லை. நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் வந்தது, சரியாக 17 நாள் கழித்து மே 12 அன்று 7.3. தைரியம் வந்து வீட்டுக்குள் படுக்க ஆரம்பித்தவர்களை நினைத்துப் பார். துருக்கியில் 2023 பிப்ரவரி 6 அன்று விடியற்காலை 4.17-க்கு ஒன்று, ஒன்பது மணி நேரத்தில் ஏறக்குறைய அதே பலத்தில் இன்னொன்று. அளவில் ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு என்பதால், 'ஒன்று குறைவுதானே' என்று யாராவது ஆறுதல் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

இதற்கு நடுவில் ஒரு வதந்தி. இன்று இரவு இரண்டு மணிக்குப் பெரியதாக வரும், அறிவியலாளர்கள் சொல்லிவிட்டார்கள் என்று கைபேசி கைபேசியாகப் பரவியது. நாள், நேரம், இடம் சொல்லி நிலநடுக்கத்தை முன்கூட்டி அறிவிக்க இன்றுவரை யாராலும் முடிந்ததில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அத்தையைப் போர்வை சுற்றி அந்தக் குளிரில் வெளியே உட்கார வைத்தேன். அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அந்தச் செய்தியை எழுதியவர் யாரோ, அவரை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

அப்புறம், ஆடாதபோதும் ஆடுகிறது. படுக்கையில் சாய்ந்தால் கட்டில் மிதக்கிறது. ஜப்பானியர்கள் இதற்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், ஜிஷின்-யோய், நிலநடுக்க மயக்கம் என்று சொல்லலாம், கப்பலில் வரும் தலைசுற்றல் மாதிரி. உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்வதும் கண் சொல்வதும் பொருந்தாமல் போவதால் வருகிறது என்கிறார்கள், பதற்றம் அதைக் கூட்டுகிறது. எனக்கு இப்படி ஒரு சொல் இருக்கிறது என்று தெரிந்ததே பாதி மருந்து. மேசையில் எப்போதும் ஒரு டம்ளரில் பாதி தண்ணீர் வைத்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் அதைப் பார்ப்பேன். வட்டம் எழவில்லை என்றால் ஆடுவது நான்தான்.

ஊர் மாறப் போகிறீர்களா என்று கேட்டிருந்தாய். இல்லை. நீளமான பீரோவைச் சுவரோடு ஆணி அடித்து இறுக்கிவிட்டோம், கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்த படங்கள் எல்லாம் இறங்கிவிட்டன, ஒவ்வொருவர் கட்டிலுக்கு அடியிலும் செருப்பும் டார்ச்சும் இருக்கின்றன. மாதத்தில் ஒரு நாள் மகள் திடீரென்று "இப்போ!" என்று கத்துவாள், நாங்கள் மூன்று பேரும் உடனே மேசைக்கு அடியில் போக வேண்டும். அத்தை உட்கார்ந்த இடத்திலேயே தலையணையால் தலையை மூடிக்கொள்வார்.

இப்போது உன் அப்பாவின் அறை. அவர் கட்டிலின் தலைமாட்டில் கூரை வரை ஒரு புத்தக அலமாரி இருக்கிறதே, அது எதிலும் பிணைக்கப்படாமல் சும்மா நிற்கிறது, போன தடவை வந்தபோது பார்த்தேன். உங்கள் பக்கம் நிலம் ஆடுமா ஆடாதா என்ற விவாதம் வேண்டாம். கட்டிலை எதிர்ச் சுவருக்கு நகர்த்து, கனமான புத்தகங்களைக் கீழ்த்தட்டுக்கு மாற்று, அலமாரியை இரண்டு இரும்புப் பட்டையால் சுவரோடு சேர்த்துத் திருகாணி போடச் சொல். வெளிச்சம் சரியில்லை என்று அப்பா சண்டைக்கு வந்தால் நான் சொன்னேன் என்று சொல். நகர்த்தி முடித்ததும் ஒரு வரி எழுதுடி, அதற்காகக் காத்திருப்பேன்.

அன்புடன்,
உன் தோழி