கோடை முடியும் வாரங்களில் ‘எல்லோரும் சௌக்கியம்’ என்ற பதில் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் குடும்பப் பக்கத்தில் கோடை விடுமுறையை ஒட்டிப் பயணம், விளையாட்டு, பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று பல கட்டுரைகள் வருகின்றன. கடுங்குளிர் வந்த பிறகு உடல்நலக் குறிப்புகளும் தவறாமல் வருகின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட வாரங்களில், அதாவது குளிர்மிகுந்த வடகோள நாடுகளில் கோடை விலகி இலையுதிர்காலம் நுழையும் செப்டம்பரை ஒட்டிய நாட்களில், நிறம் மாறிய மரங்களின் படங்களைத் தவிர வேறொன்றையும் காண முடிவதில்லை. படங்கள் அழகானவைதாம். ஆனால் ஒரு குடும்பத்தார் தங்களுக்குள் அவசியம் பேசிக்கொள்ள வேண்டிய செய்திகள் பேசப்படாமலே போவதும் இதே வாரங்களில்தான் என்று நான் உறுதியாக நம்புவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

விடுமுறையில் வீட்டுச் செய்தியை யாரும் கேட்டுப் பெற வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் தாத்தாவின் முழங்கால் வலி எல்லோர் கண்ணிலும் தானாகவே படும். பள்ளி திறந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. போன ஆண்டுச் சட்டையின் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறி நிற்பதைப் பார்த்துப் புதியது வாங்குவது, பாடப்புத்தகங்களுக்கு அட்டை போடுவது, அலுவலகத்தில் தேங்கிக் கிடக்கும் வேலை என்று நடுவயதினரின் பொழுது முழுவதும் போய்விட, தனியே வசிக்கும் பெற்றோருடன் பேசும் பேச்சு, ‘சௌக்கியம்தானே?’, ‘சௌக்கியம்தான், நீங்க எப்படி?’, ‘சரி, அப்புறம் கூப்பிடுறேன்’ என்ற மூன்று வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. யார் மீதும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பேச்சு சுருங்கும் இதே வேளையில்தான் பகலும் வேகமாகச் சுருங்குகிறது என்பதே என் கவலை.

இந்த வேகத்தைப் பலரும் உணர்ந்திருப்பார்கள். காரணத்தைச் சிலரே அறிந்திருப்பார்கள். ஜூன் மாத இறுதியில் பகலின் நீளம் நாளுக்கு நாள் மாறுவதே தெரியாது. செப்டம்பர் 22 அல்லது 23ஆம் தேதியில் சூரியன் நிலநடுக்கோட்டைக் கடக்கும்போதோ அந்த மாற்றம் உச்சத்தை எட்டுகிறது. 50 பாகை வடக்கு அட்சரேகையை ஒட்டிய ஊர்களில் அப்போது ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய நான்கு நிமிடப் பகல் குறைகிறது. ஒரே வாரத்தில் இது 25 நிமிடத்தைத் தாண்டிவிடும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் பிறந்து வளர்ந்து, முதுமையில் பிள்ளைகளோடு வசிக்க இத்தகைய நாடுகளுக்கு வந்த பெரியவர்களுக்கு இது வாழ்நாளில் பழகாத மாற்றம். உறக்கத்தையும் விழிப்பையும் ஒழுங்குபடுத்தும் நம் உடலின் உள்கடிகாரம் காலை வெளிச்சத்தைக் கொண்டே தன்னைத் திருத்திக்கொள்கிறது. அந்த வெளிச்சம் தாமதமாக வரத் தொடங்கினால் எழுந்திருப்பது சிரமமாகும்; பகலில் அசதி தட்டும்; வெளியே கிளம்ப மனம் வராது.

கண்ணின் நிலையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வயது ஏற ஏறக் கண்மணி சிறுத்து, விழிவில்லை மஞ்சள் பூத்துவிடுவதால், அறுபது வயதானவரின் விழித்திரையை எட்டும் ஒளி இருபது வயதானவருக்குக் கிடைப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். நமக்கு ‘கொஞ்சம் மங்கல்’ என்று தோன்றும் அறை அவர்களுக்கு இருட்டறை. எங்கள் வீட்டில் என் மாமியார் மாலையில் சன்னலோரம் அமர்ந்து நாளிதழ் படிப்பவர். கோடை முடிந்த பிறகு நாற்காலி சன்னலை நெருங்கிக்கொண்டே போயிற்று. பிறகு ஒரு நாள் நாளிதழ் மடிப்புக் கலையாமல் அப்படியே கிடந்தது. ‘படிக்கப் பிடிக்கலை’ என்றுதான் அவர் சொன்னார். வெளிச்சம் போதவில்லை என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. நாற்காலிக்குப் பின்னால் ஒரு மேசை விளக்கைப் பேத்தி கொண்டுவந்து வைத்த பிறகு பழையபடி படிக்கத் தொடங்கினார். தொலைபேசியில் கேட்டிருந்தால் இந்தச் செய்தி எங்களுக்கு வந்தே இருக்காது.

எல்லாமே மேசை விளக்கால் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பகல் குறையும் பருவத்தில் சிலருக்கு ஆண்டுதோறும் மனச்சோர்வு திரும்பி வருகிறது. இதை ஒரு தனி நோய்நிலையாக 1984இல் அமெரிக்க மருத்துவர் நார்மன் ரோசன்தாலும் அவருடைய சகாக்களும் விவரித்தனர். வழக்கத்தைவிட அதிக நேரம் உறங்குவதும், பசி கூடுவதும், யாரோடும் பேசாமல் ஒதுங்குவதும் இதன் அடையாளங்கள். நம் வீடுகளில் இவற்றுக்குச் ‘சோம்பேறித்தனம்’ என்றோ ‘வயசாயிடுச்சு’ என்றோ பெயர் வைத்துவிடுகிறோம். அந்தப் பெயர்கள் மிகுந்த தீங்கு செய்கின்றன. அதன் பிறகு மருத்துவரிடம் போக வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் எழுவதில்லை. பருவ மனச்சோர்வு சிகிச்சைக்கு உட்பட்டது. மருத்துவரின் ஆலோசனையோடு காலையில் 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) ஒளி தரும் விளக்கின் முன் அரைமணி நேரம் அமர்வதும் அச்சிகிச்சைகளில் ஒன்று. மேகம் மூடிய நாளில்கூட வெளியில் இருக்கும் வெளிச்சம் வீட்டு விளக்குகள் தருவதைவிடப் பல மடங்கு என்பதால், காலையில் சிறிது தூரம் நடந்துவருவதும் பயன் தரும்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பள்ளி திறந்த சில வாரங்களில் ஆஸ்துமா உள்ள சிறுவர்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுவது கூடுவதைப் பல நாடுகளின் மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். வகுப்பறையில் பரவும் சளிக்கிருமிகள் அதற்கு முக்கியக் காரணம். விடுமுறையில் தினசரித் தடுப்பு மருந்தை நிறுத்திவிடுவது இன்னொன்று. பெயரனோ பெயர்த்தியோ இரவில் இருமுகிறார்களா என்பதும் நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டிய வீட்டுச் செய்திதான்.

ஆகவே இந்த வாரங்களில் பெற்றோரிடம் பேசுவோர் ‘நலமா’ என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்ளாமல், ‘காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? நேற்று வெளியே போனீர்களா? மாடிப்படி விளக்கு எரிகிறதா? யாரோடு பேசினீர்கள்?’ என்று கேட்குமாறு வேண்டுகிறேன். துருவிக் கேட்பதாகச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அப்படிப்பட்டவர்களிடம் முதலில் நம் வீட்டுச் சங்கதியைச் சொல்ல வேண்டும்: யார் பள்ளியில் எந்த வகுப்புக்குப் போனார்கள், யாருக்குப் பல் விழுந்தது, யார் அடம்பிடித்தார்கள் என்று விரிவாகச் சொன்னால் அவர்களும் வாய் திறப்பார்கள். சேதி கொடுக்காமல் சேதி வாங்க முடியாது.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. டிசம்பரில் வெளியாகும் உடல்நலக் குறிப்புகளைச் செப்டம்பர் முதல் வாரத்திலேயே வெளியிடுங்கள். குளிர்காலத்தில் பரவும் ஃப்ளூ காய்ச்சலுக்கான தடுப்பூசி பாதுகாப்புத் தருவதற்கே சுமார் இரண்டு வாரங்கள் ஆகும் என்பதால், தாமதமாக வரும் குறிப்பினால் பயன் குறைவு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற தென்கோள நாடுகளில் கோடை முடிவது மார்ச் மாதத்தில் என்பதால், அங்குள்ள வாசகர்களுக்காக அதே குறிப்புகளை மார்ச்சில் ஒருமுறை வெளியிடலாம். கண் மருத்துவர், மனநல மருத்துவர், குழந்தை மருத்துவர் ஆகியோரிடம் கட்டுரை கேட்டு வாங்குவதோடு, தனியே வசிக்கும் முதியோரையே எழுதச் சொல்லிக் கடிதப் பகுதியில் இடம் ஒதுக்குமாறும், கண் பார்வை குறைந்தவர்களும் படிக்கும்படி அந்தப் பகுதியைச் சற்றுப் பெரிய எழுத்தில் அச்சிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி