அப்பாவுக்கு, பனிக்கால டிராக்டர் பற்றி

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலிக்கு அந்தத் தைலம் கேட்கிறதா? இப்போது இங்கே ராத்திரி ஒன்பது மணி, அங்கே காலை ஏழரை, நீங்கள் அல்சூர் ஏரியை ஒரு சுற்று முடித்துவிட்டு காபிக்கு உட்கார்ந்திருப்பீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் "ராத்திரியில, ஐஸ் மேல, ஒத்தையா டிராக்டர் ஓட்டுறியா, அதை வித்துட்டு டவுனுக்கே போங்க" என்று சொல்லிவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்கள். அப்புறம் நான் சொன்னது எதுவும் உங்கள் காதில் விழவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். தம்பியிடம் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். படித்த பிறகும் விற்கத்தான் வேண்டும் என்று தோன்றினால் சொல்லுங்கள், பேசலாம்.

முதலில் இந்த இடம் எப்படி என்று சொல்கிறேன், போட்டோவில் தெரியாது. கனடாவின் ஒண்டாரியோவில், ஓவன் சவுண்ட் என்ற ஊரிலிருந்து அரை மணி நேரம் உள்ளே. ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு 700 அடி ஜல்லிப் பாதை. டவுன்ஷிப் வண்டி வந்து ரோட்டை மட்டும்தான் வழித்துவிட்டுப் போகும், இந்த 700 அடி எங்கள் பாடு. மேற்கே ஹூரான் ஏரி, வடக்கே ஜார்ஜியன் விரிகுடா. டிசம்பரில் ஏரித் தண்ணீர் இன்னும் உறையாமல் வெதுவெதுப்பாக இருக்கும்போது அதன் மேல் கடுங்குளிர் காற்று அடிக்கும், வழியெல்லாம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வந்து கரை ஏறியதும் பனியாகக் கொட்டும். பத்து மைல் தள்ளி வெயில் அடிக்கும், எங்கள் வீட்டில் முழங்கால் அளவு விழுந்து கிடக்கும். ஏரி உறைந்த பிறகுதான் கொஞ்சம் அடங்கும்.

உங்கள் மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் காலை ஏழு மணி டூட்டி. பெரியவனுக்கு ஸ்கூல் பஸ் ரோட்டு முனையில் நிற்கும், வீட்டுக்குள் வராது. முதல் வருஷம் லாரியில் பிளேடு மாட்டிய ஒருவரிடம் சீசனுக்கு இவ்வளவு என்று பணம் கட்டியிருந்தோம். அவருக்கு நாற்பது வீடு, எங்கள் வீடு கடைசி. நான்கு முறை பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தார். இவர் இரண்டு டூட்டிக்குப் போக முடியாமல் போனது. நான் மண்வெட்டி எடுத்து ஒரு நாள் பாதி தூரம் தள்ளிவிட்டு மூன்று நாள் முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அதை அப்போது உங்களிடம் சொல்லவில்லை.

அடுத்த கோடையில்தான் இந்த டிராக்டர் வந்தது. வயதான தம்பதி டவுனுக்குக் குடிபோகிறார்கள் என்று விற்றார்கள். போய்ப் பார்த்தபோது ஷெட் மூலையில் தார்ப்பாய் சுற்றி நின்றது, நம் அல்சூரில் திருவள்ளுவர் சிலையை 18 வருஷம் மூடியே வைத்திருந்து 2009இல் திறந்தார்களே, அந்த ஞாபகம்தான் வந்தது. தார்ப்பாயை எடுத்தால் உள்ளே துளி துரு இல்லை. 25 எச்.பி., மூன்று சிலிண்டர் டீசல், மீட்டரில் 900 மணி நேரம். நம் ஊர் வயலில் ஓடும் டிராக்டரில் பாதி உயரம்தான், ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கும். முன்னால் லோடர் பக்கெட், பின்னால் பி.டி.ஓ.வில், அதாவது இஞ்சின் சுற்றை வெளியே எடுத்துக் கொடுக்கிற தண்டில், மாட்டுகிற ஸ்னோ ப்ளோயர், பனியை அள்ளிக் குழாய் வழியாகத் தள்ளி வீசுவது. கிளட்சை மிதித்து கியர் மாற்றுகிற வேலையே இல்லை, ஹைட்ராலிக்கில் ஓடுகிறது. ஒரு பெடலை மிதித்தால் முன்னால், இன்னொன்றை மிதித்தால் பின்னால், காலை எடுத்தால் நின்றுவிடும். பெமல் ஃபேக்டரியில் முப்பது வருஷம் டோசர் அசெம்பிளியில் நின்ற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் வாங்கிய அன்றே பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்திருக்க மாட்டீர்கள்.

குளிரில் ஸ்டார்ட் பண்ணுவதுதான் பெரிய விஷயம், அதில்தான் நான் முதலில் அடிபட்டேன். டிசம்பரில் நம் வீட்டில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கட்டியாகிவிடும், அம்மா மொட்டை மாடி வெயிலில் வைப்பாளே, டீசலுக்கும் அதே கதைதான். அதில் இருக்கும் மெழுகு குளிரில் திரிந்துவிடும். கோடையில் வாங்கிய டீசல் மைனஸ் பத்து வாக்கிலேயே கலங்க ஆரம்பிக்கும் என்பது எனக்குத் தெரியாது. ஒரு ஜனவரி காலை, மைனஸ் 24. சாவியைத் திருப்பினேன், ஸ்டார்ட் ஆனது, சந்தோஷமாகப் பாதி வழி போனேன், அங்கேயே இருமி இருமி நின்றுவிட்டது. பக்கத்து நிலத்துக்காரர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், தன் டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டுபோய் அவர் கராஜில் ஹீட்டர் பக்கத்தில் நிறுத்தி ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே தாள் மடிப்பெல்லாம் வெள்ளையாக, நெய் உறைந்த மாதிரி ஒட்டியிருந்தது. விரலால் வழித்துப் பார்த்தேன், விரல் சூட்டில் உருகி எண்ணெயாக ஓடியது. டீசல் போகாமல் இஞ்சின் மூச்சுத் திணறித்தான் நின்றிருக்கிறது. அவர் திட்டவில்லை, புது ஃபில்டரைப் போட்டுவிட்டு காபி கொடுத்தார்.

அதிலிருந்து அக்டோபர் முடிவதற்குள் பழைய டீசலை ஓட்டித் தீர்த்துவிட்டு குளிர்காலக் கலவையை நிரப்பிவிடுகிறேன். மெழுகு கட்டாமல் இருக்க ஒரு மருந்தும் ஊற்றுகிறேன், அதைக் குளிர் வருவதற்கு முன்பே கலந்துவிட வேண்டும், கட்டின பிறகு ஊற்றினால் பிரயோஜனம் இல்லை. டேங்கை எப்போதும் நிரப்பியே வைக்கிறேன், காலியிடம் இருந்தால் உள்ளே ஈரம் வேர்த்துத் தண்ணீர் இறங்கிவிடும். அப்புறம் இஞ்சினில் பிளாக் ஹீட்டர் என்று ஒன்று இருக்கிறது, கரண்டில் சொருகினால் கூலன்டைச் சூடாக்கும். டைமர் வைத்திருக்கிறேன். நாலு மணிக்கு அது விழித்துக்கொள்ளும், ஆறு மணிக்கு நான் போவேன். ஸ்டார்ட் ஆனதும் உடனே கிளம்புவதில்லை. பத்து நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு நிற்கிறேன், ஹைட்ராலிக் ஆயில் இளகாமல் லோடரைத் தூக்கினால் அது முனகுகிற சத்தமே வயிற்றைப் பிசையும். "மெஷினை எழுப்பணும், உதைக்கக் கூடாது" என்று தம்பி உங்கள் ஸ்கூட்டரை உதைக்கும்போதெல்லாம் சொல்வீர்கள். அந்தப் பத்து நிமிஷம் முழுக்க அதுதான் மனதில் ஓடும்.

ப்ளோயர் பின்னால் இருப்பதால் ரிவர்ஸில்தான் போக வேண்டும், கழுத்தைத் திருப்பிக்கொண்டு, நடக்கிற வேகத்தில். வேகம் குறைவு, ஆனால் பி.டி.ஓ. சுற்று நிமிஷத்துக்கு 540இல் குறையாமல் நிற்க வேண்டும், குறைந்தால் பனி குழாய்க்குள்ளேயே அடைத்துக்கொள்ளும். பாதை ஜல்லி என்பதால் தரையோடு தரையாக வழிக்கக் கூடாது. ப்ளோயரின் அடியில் இருக்கும் சப்பாத்து மாதிரித் தகடுகளை இறக்கி, ப்ளோயரைத் தரைக்கு ஒரு அங்குலத்துக்கு மேலேயே நிறுத்தி, முதல் இரண்டு பனியை மிதித்து இறுக்கி ஒரு தளம் மாதிரி ஆக்கிவிட்டு அதற்கு மேல்தான் எடுக்க வேண்டும். டிராக்டர் வந்த முதல் வருஷம் இது தெரியாமல் பாதை ஜல்லியில் பாதியைப் புல்வெளிக்கு அனுப்பியிருந்தேன், ஏப்ரலில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாரினோம்.

போன மாதம் நடந்ததை உங்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். இருட்டில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது மரத்திலிருந்து விழுந்த ஒரு கட்டை பனிக்குள் உறைந்து கிடந்திருக்கிறது, அதை ப்ளோயர் கவ்வியது. டக் என்று ஒரே சத்தம், திருகு சுற்றுவது நின்றுவிட்டது. பி.டி.ஓ.வை நிறுத்தி, இஞ்சினை அணைத்து, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இறங்கிப் பார்த்தால் ஷியர் போல்ட் இரண்டாக வெட்டிக் கிடக்கிறது. டப்பாவில் தேடினேன், மாற்று போல்ட் தீர்ந்துபோயிருந்தது. அதே அளவில் வேறு ஒரு போல்ட் இருந்தது, தலையில் ஆறு கோடு போட்டது, நல்ல கெட்டி. நுழைத்துப் பார்த்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. நட்டைக்கூட இரண்டு சுற்று திருகிவிட்டேன். மணி ஆறரை, இவர் வாசலில் பையோடு நிற்கிறார். அப்போதுதான் கே.ஜி.எஃப். குவார்ட்டர்ஸ் திண்ணையில் உட்கார்ந்து நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது, அந்த போல்ட் உடைவதற்காகவே செய்தது, அது உடையாவிட்டால் அதைவிட விலை கூடிய ஒன்று உடையும் என்று. கழற்றிவிட்டேன். பக்கத்து நிலத்துக்காரருக்குப் போன் போட்டேன், அவர் பைஜாமாவோடே வந்து இரண்டு போல்ட் கொடுத்தார். இவர் இருபது நிமிஷம் லேட். கியர் பாக்ஸ் பிழைத்தது. இப்போது சீட்டுக்கு அடியில் பத்து போல்ட் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.

குழாய் அடைத்துக்கொண்டால் கையை விடவே மாட்டேன். அதற்கென்று ஒரு குச்சி கட்டி வைத்திருக்கிறேன், இஞ்சின் அணைந்த பிறகு குச்சியால்தான். பி.டி.ஓ. ஓடும்போது சீட்டை விட்டு எழுந்தால் வண்டி தானாகவே அணைந்துவிடும், ஆனால் அதை நம்பி நான் இறங்குவதில்லை.

கடைசி பத்து அடிதான் கஷ்டம். டவுன்ஷிப் வண்டி ரோட்டைத் தள்ளிக்கொண்டு போகும்போது எங்கள் பாதை வாயில் ஒரு வரப்பு போட்டுவிட்டுப் போகும், உப்பும் சேறும் கலந்த பனி, ஒரு மணி நேரத்தில் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். அதை பக்கெட்டால் வெட்டி எடுத்து ஓரத்தில் குவிக்க வேண்டும். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டால் சுலபம்தான், ஆனால் ரோட்டில் பனியைப் போடுவது இந்த ஒண்டாரியோவில் சட்டப்படி குற்றம், அதோடு ராத்திரி வருகிற யாராவது மோதினால் என்ன ஆவது? அதனால் குவியல் எங்கள் பக்கம்தான் வளர்கிறது. பிப்ரவரி வாக்கில் பார்த்தால் கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைடு மேடுதான், அதே சாம்பல் வெள்ளை, அதே சரிவு. பெரியவனிடம் தாத்தா இப்படி ஒரு மேட்டின் அடிவாரத்தில்தான் வளர்ந்தார் என்று சொன்னேன், அவன் மேலே ஏறி நின்றுகொண்டு தங்கம் இருக்கிறதா என்று கேட்கிறான்.

சரி, நீங்கள் பயந்த விஷயத்துக்கு வருகிறேன். வழுக்காதா என்று கேட்டீர்கள். வழுக்கியிருக்கிறது, ஒரு தடவை. ப்ளோயரைக் கழற்றிவிட்டு பக்கெட் நிறைய விறகை ஏற்றிக்கொண்டு கொல்லைச் சரிவில் இறங்கினேன், பின்பக்கம் கனமே இல்லை. பிரேக் பின் சக்கரத்தில்தான், அது தரையைப் பிடிக்காமல் ஒரு பத்தடி சும்மா சறுக்கியது. பக்கெட்டைத் தரையில் இறக்கினேன், மண்ணைக் கவ்வி நின்றுவிட்டது. அன்றைக்கு எனக்குக் கால் நடுங்கியது, பொய் சொல்லவில்லை. அதற்கு அப்புறம் பின்னால் எடை இல்லாமல் லோடரைத் தொடுவதில்லை. பின் டயர்களுக்குச் சங்கிலி மாட்டியாகிவிட்டது, டயருக்குள் சர்க்கரை பீட்ரூட்டிலிருந்து எடுக்கிற ஒரு திரவத்தை நிரப்பியிருக்கிறோம், மைனஸ் 30இலும் உறையாது, நல்ல கனம். சரிவில் நான்கு சக்கர இழுவையை அணைப்பதே இல்லை, அப்போதுதான் முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். பக்கெட் முழங்காலுக்கு மேல் போகாது. தலைக்குப் பின்னால் இரும்பு வளைவு இருக்கிறது, கவிழ்ந்தாலும் நசுங்காமல் காப்பது அதுதான், ஆனால் பெல்ட் போட்டிருந்தால்தான் அது காக்கும், அதனால் சாவியைத் திருப்பும் முன் பெல்ட். இவர் வீட்டில் இல்லாத நாளில் கிளம்பும்போதும் முடித்த பிறகும் ஒரு மெசேஜ் போடுகிறேன். நீங்கள் சொன்னால் உங்களுக்கும் போடுகிறேன், அங்கே சாயங்காலமாக இருக்கும்.

மத்தபடி விறகு, அது ஒரு தனிக் கதை. அடுப்புக்கு வருஷத்துக்கு ஐந்து கார்டு ஆகிறது, ஒரு கார்டு 128 கன அடி. எல்லாவற்றையும் ஷெட்டிலிருந்து வாசல் வரை பக்கெட்தான் சுமக்கிறது. கரண்ட் போனால் கிணற்று மோட்டாரும் போய்விடும், தண்ணீர் கிடையாது, அப்போது இந்த அடுப்பும் பனியை உருக்குகிற அண்டாவும்தான். அம்மா கொடுத்தனுப்பிய அந்தப் பித்தளை அண்டாதான் அப்பா, அலமாரியில் அழகுக்கு வைத்திருக்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

பக்கத்து நிலத்துக்காரருக்கு நவம்பரில் இதய ஆபரேஷன் நடந்தது, குளிரில் வேலை செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். போல்ட் கொடுக்க வந்தபோதே வரக் கூடாதுதான், வந்துவிட்டார். இப்போது எங்கள் பாதையை முடித்துவிட்டு அவர் பாதைக்குப் போகிறேன், 400 அடி. ஜன்னலில் நின்று கையைக் காட்டுவார், இடது பக்கம் இன்னும் கொஞ்சம் என்பார், அங்கே பனிக்கு அடியில் ஒரு கல் இருக்கிறது என்று விரலால் வட்டம் போடுவார். நீங்கள் தம்பிக்கு ஸ்கூட்டர் சொல்லிக்கொடுத்தபோது கேட் பக்கம் நின்று காட்டினீர்களே, அப்படியேதான்.

டிராக்டரை விற்கச் சொல்லாதீர்கள் அப்பா. மே மாதம் டிக்கெட் போடுகிறேன், நீங்களும் அம்மாவும் வாருங்கள். பனி இருக்காது, ஆனால் ஆயில் மாற்ற வேண்டும், கிரீஸ் அடிக்க வேண்டும், ப்ளோயரின் செயின் தளர்ந்திருக்கிறது, என்னால் சரியாக இழுக்க முடியவில்லை.

நாளைக்கு இருபது சென்டிமீட்டர் என்று சொல்கிறார்கள். டைமர் வேலை செய்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் படுக்கப்போகிறேன்.

அம்மாவுக்கும் தம்பிக்கும் என் அன்பு. மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள் பெரிய மகள்