பிற நாட்டு வரலாறு எவ்வளவு வேண்டும்? பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். உசிலம்பட்டி வட்டாரத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் 27 ஆண்டுகள் சமூக அறிவியல் கற்பித்துவிட்டு, இப்போது திருமங்கலத்தில் ஓய்வில் இருப்பவன் எழுதும் மடல் இது. பாடநூல்களைத் திருத்தும் பேச்சு எழும்போதெல்லாம் எங்கள் ஆசிரியர் அறையில் ஒரே வழக்குதான் நடக்கும். சொந்த ஊரின் வரலாறே தெரியாத பிள்ளைக்கு ஆஸ்திரிய இளவரசரை யார் சுட்டார் என்பது எதற்கு என்று ஒரு தரப்பு கேட்கும். மேற்படிப்புக்கும் வேலைக்கும் உலகெங்கும் போகப்போகிற பிள்ளைகளைக் கிணற்றுத் தவளைகளாக வளர்க்கலாமா என்று மறு தரப்பு கேட்கும். இரு தரப்பாரும் பிற நாட்டு வரலாற்றைப் பக்கக் கணக்கில் அளக்கிறார்கள். ஒருவர் குறைக்கச் சொல்கிறார், மற்றவர் கூட்டச் சொல்கிறார். எத்தனை பக்கம் என்பதற்கு முன்னால் எந்த வழியாக என்று கேட்க வேண்டும் என்பதே இந்த மடலின் வேண்டுகோள்.

பத்தாம் வகுப்பு வரலாறு முதல் உலகப் போரில் தொடங்குகிறது. 1914 ஜூன் 28, சரஜேவோ, மைய நாடுகள், நேச நாடுகள், வெர்சேல்ஸ் உடன்படிக்கை என்று என் மாணவர்கள் பிசகில்லாமல் ஒப்பிப்பார்கள். உலக வரைபடத்தில் நாடுகளைக் குறிக்கச் சொன்னாலும் குறித்துவிடுவார்கள். ஒரு நாள், பொல்லாத ஆளை நம் பக்கத்தில் "அவன் சரியான எம்டன்" என்று சொல்கிறோமே, அந்த எம்டன் யார் என்று வகுப்பில் கேட்டேன். எமனின் தம்பி என்றான் ஒருவன். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்த ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் அது என்றும், அந்த இரவின் அச்சம்தான் ஒரு சொல்லாக நம் வாயில் தங்கிவிட்டது என்றும் சொன்ன பிறகு, பாடத்தில் இல்லாத கேள்விகளாக வந்தன. ஜெர்மன்காரன் அவ்வளவு தூரம் ஏன் வந்தான், வெள்ளைக்காரர்களுக்குள் நடந்த சண்டையில் நாம் எப்படி மாட்டினோம், அந்தக் கப்பல் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். ஐந்து மதிப்பெண் வினாவுக்காக மூன்று வாரம் நடத்தியும் எழாத கேள்விகள் அவை.

இதைவிடக் கனமான எடுத்துக்காட்டு ஒன்று எங்கள் வட்டாரத்திலேயே இருக்கிறது. உசிலம்பட்டிக்கு அருகில் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று, சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் கைரேகை பதிய மறுத்த பிரமலைக் கள்ளர் சமூகத்து மக்கள் மீது போலீசார் சுட்டதில் மாயாக்காள் என்ற பெண் உட்படப் பலர் இறந்தார்கள். ரேகைச் சட்டம், ராத்திரிச் சீட்டு, இரவில் கச்சேரியில், அதாவது காவல் நிலையத்தில், போய்ப் படுத்துக்கொள்வது என்று அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும் பெரியவர்களை நான் பணியில் சேர்ந்த புதிதில் ஊர்தோறும் பார்க்கலாம். என் மாணவர்களில் பலர் அந்தக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அதே மாணவர்கள் வேறொரு பாடத்தில், தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் கைரேகை பதிந்து பதிவுச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்று 1906இல் வந்த அவசரச் சட்டத்தை எதிர்த்துக் காந்தி போராடியதைப் படிக்கிறார்கள். இரண்டு பாடங்களிலும் கைரேகைதான். இரண்டிலும் ஒரே பேரரசுதான். ஆனாலும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்படி எந்தப் பாடநூலும் என் பணிக்காலத்தில் சொன்னதில்லை. நானும் பல ஆண்டுகள் சேர்த்துப் பார்த்ததில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

சேர்த்துப் பார்த்தால் அந்தக் கைரேகை கடந்து வந்த பாதை வியப்பூட்டும். 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலை வேலைக்குப் பொருள் தர ஒப்புக்கொண்ட ஒருவரிடம் கையெழுத்துக்குத் துணையாக உள்ளங்கைப் பதிவை வாங்கினார். அவருக்குப் பின் வங்காளக் காவல்துறைத் தலைவர் எட்வர்ட் ஹென்றியின்கீழ் பணியாற்றிய அஜிஜுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் இரண்டு இந்தியர்களின் உழைப்பில் ரேகைகளை வகைப்படுத்தும் முறை உருவாகி, 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் திறக்கப்பட்டது. முறைக்குப் பெயர் மட்டும் ஹென்றியுடையதாயிற்று. அந்த ஹென்றி 1900இல் தென்னாப்பிரிக்காவின் காவல்துறையை அமைக்க அனுப்பப்பட்டார். 1901இல் லண்டன் திரும்பி அந்நகரக் காவல்துறைத் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவைத் தொடங்கினார். ஜோகன்னஸ்பர்கில் 1908இல் இந்தியர்கள் தங்கள் பதிவுச் சீட்டுகளைக் கொப்பரையில் போட்டு எரித்தார்கள். அந்தப் போராட்டத்திலும் அதன் தொடர்ச்சியாக 1913இல் நடந்த போராட்டத்திலும் சிறை சென்றவர்களில் தமிழர்கள் ஏராளம். 1913இல் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை அவர்களுள் ஒருவர். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகக் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் நீண்டபோது, அதே ரேகைத்தாள் எங்கள் கண்மாய்க் கரைக்கு வந்து சேர்ந்தது. பெருங்காமநல்லூரில் நடந்ததைப் பெருங்காமநல்லூரில் மட்டும் நின்று பார்த்தால் ஒரு சாதியின் துயரக் கதையாகவே அது தங்கிவிடும். கல்கத்தாவையும் ஜோகன்னஸ்பர்கையும் லண்டனையும் சுற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பி வரும் மாணவனுக்கோ, ஓர் அரசு தனக்கு வேண்டாதவர்களை எண்ணிப் பதிந்து கட்டி வைக்கும் முறை தெரிந்துவிடும். பிற நாட்டு வரலாறு சொந்த ஊர் வரலாற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று அஞ்சுகிறவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தாது வருஷப் பஞ்சத்தையும் இப்படியே சொல்லலாம். 1876 முதல் 1878 வரை நம் சீமை செத்துக் கிடந்த அதே ஆண்டுகளில் வட சீனமும் பிரேசிலின் வடகிழக்கும் மழையின்றிப் பட்டினியில் மடிந்தன. மழை பொய்த்தது வானத்தின் வேலை. தானியம் துறைமுகத்தில் கப்பலேறியது ஆட்சியின் வேலை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க மூன்று நாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

இனி, பாடநூலில் வெளிநாட்டவர் எந்த முகத்தோடு வருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கீழடி தோண்டப்பட்டதிலிருந்து மதுரையில் எல்லோரும் ரோமாபுரியைப் பற்றிப் பேசுகிறோம். எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் நம் பேச்சில் ரோமானியர் வெறும் வாடிக்கையாளர்கள். நம் முத்தையும் மிளகையும் வாங்கி, நம்மைப் புகழ்ந்து சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள். ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டெர்ஸ் நாணயங்கள் இந்தியாவுக்குப் போகின்றன என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியதை மேடைதோறும் எடுத்துச் சொல்கிறோம். தன் நாட்டவரின் ஆடம்பரத்தைக் கண்டு பொறுக்காமல் அவர் விட்ட பெருமூச்சு அது என்பதையும், அந்த ஆடம்பரம் அடிமைகளின் உழைப்பில் நின்றது என்பதையும் சொல்வதில்லை. பிறரை நமக்குச் சாட்சி சொல்ல மட்டும் அழைப்பதை உலக வரலாறு என்று நான் ஏற்கமாட்டேன்.

அடுத்து இலங்கை. சில ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறையில் ஆனையூர் இலங்கைத் தமிழர் முகாமைச் சேர்ந்த சில பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். அவர்களில் ஒரு பெண், "சார், எங்க அப்பா ஊரு எந்தப் பாடத்துல சார் வருது?" என்று கேட்டாள். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அண்டை நாடு என்ற முறையில், குடிமையியலில், இந்தியாவோடு உள்ள உறவுகளாக இலங்கை வந்தது. அந்நாட்டின் வரலாறாக வரவில்லை. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் கங்காணிகள் ஆள் பிடித்துப் போனதில் மதுரைச் சீமையும் இராமநாதபுரமும் திருச்சியும் காலி செய்த வீடுகள் கணக்கில் அடங்கா. எங்கள் பக்கத்துக் கிழவிகளின் வாயில் கண்டிச் சீமை என்பது ஒரு நாட்டின் பெயராக இருந்ததில்லை, போனவர் திரும்பாத திசையின் பெயராகவே இருந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அந்த மலையகத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, பத்தாண்டு கழித்துப் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். இதைப் படிக்காத மாணவன் சரஜேவோவைப் படித்து என்ன செய்வான் என்று கேட்கத் தோன்றுகிறது. சரஜேவோ வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. இலங்கையைப் பாடமாக வைத்தால் நம் கண்ணீரை மட்டும் வைக்காதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். சிங்களக் குடியானவன் தன் மலைநிலம் தோட்டமாகிப் போனதை எப்படிப் பார்த்தான் என்பதும் அந்தப் பாடத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ரோமானியர் கதைதான்.

நம்மோடு தொடர்புள்ள நாடுகளை மட்டும் படித்தால் போதுமா என்று நீங்கள் கேட்பீர்கள். போதாது. இப்படிச் சொந்த ஊரிலிருந்து ஒரு தொடர்பின் நூலைப் பிடித்துக்கொண்டு போவது பிள்ளையை உள்ளே அழைக்கும் வழி. உள்ளே வந்த பிறகும் அவன் தன் முகத்தையே தேடிக்கொண்டிருக்கக் கூடாது. ஆகவே, நமக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொல்லத்தக்க ஒரு நாட்டையாவது முழுமையாகப் படிக்க வைக்க வேண்டும். என்னைக் கேட்டால் கரீபியக் கடலில் பிரான்சின் ஆட்சியில் இருந்த ஹைத்தியைச் சொல்வேன். பிரெஞ்சுப் புரட்சியின் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று சொற்களும் நம் பாடத்தில் இருக்கின்றன. அந்தச் சொற்களை நம்பி 1791இல் கிளர்ந்தெழுந்த கரும்புத் தோட்டத்து அடிமைகள் 1804இல் விடுதலை பெற்ற ஒரு நாட்டையே அமைத்தார்கள். 1825இல் பிரான்சு போர்க்கப்பல்களை அனுப்பி, தோட்டக்காரர்கள் இழந்த உடைமைக்கு ஈடாக 15 கோடி பிராங்க் கேட்டது. இழந்த உடைமை என்பதில் விடுதலையான அந்த மனிதர்களும் அடக்கம். தொகை பிறகு 9 கோடியாகக் குறைக்கப்பட்டும், அதற்காக வாங்கிய கடன்களை அடைக்க 1947 வரை ஆயிற்று. நாம் விடுதலை பெற்ற அதே ஆண்டு என்பது வெறும் தற்செயல்; ஆனாலும் மாணவன் அதை மறக்கமாட்டான்.

இத்தனைக்கும் இடம் எங்கே என்றால், எதையாவது கைவிட்டுத்தான் ஆக வேண்டும். ஐரோப்பியக் கூட்டணிகளின் பட்டியல், உடன்படிக்கைகளின் ஷரத்துகள், தளபதிகளின் பெயர்கள் ஆகியவற்றில் பெரும்பகுதியை எடுத்துவிடலாம் என்பது என் துணிவு. பத்து நாடுகளை இரண்டிரண்டு பக்கத்தில் தொட்டுவிட்டுப் போவதைவிட, மூன்று நாடுகளை முப்பது முப்பது பக்கத்தில் படிப்பது மேல். எட்டாம் வகுப்பு வரை ஊரும் தமிழகமும் இந்தியாவும் போதும். ஒன்பதிலும் பத்திலும் ஆண்டுக்கு ஒரு நூலைப் பிடித்துக் கடல் கடக்கட்டும். வினாத்தாளும் மாறவேண்டும். பொருத்துக, கோடிட்ட இடம் நிரப்புக என்பவை இருக்கும்வரை எந்தப் பாடமும் கடைசியில் பட்டியலாகவே சுருங்கும். ஆசிரியர்களுக்கும் பயிற்சி வேண்டும். எட்வர்ட் ஹென்றி தென்னாப்பிரிக்கா போன கதையை நானே ஓய்வு பெற்ற பிறகு, பொழுது போகாமல் நூலகத்தில் உட்கார்ந்து படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மாவட்டத்துக்கு மாவட்டம் இந்தத் தொடர்பு நூல் வேறாக இருக்கும் என்பது நிர்வாகச் சிக்கல்தான். மதுரைக்காரன் அமெரிக்காவைத் தல்லாகுளத்து அமெரிக்கன் கல்லூரியிலிருந்து தொடங்கலாம். பாஸ்டனில் புறப்பட்ட ஒரு மதச்சபை யாழ்ப்பாணம் வழியாக 1834இல் மதுரைக்கு வந்ததன் தொடர்ச்சி அது. நாகப்பட்டினத்துப் பிள்ளைக்கு டச்சுக்காரர்களும் தரங்கம்பாடிப் பிள்ளைக்கு டென்மார்க்கும் இருக்கின்றன. பொதுப் பாடநூலோடு மாவட்ட இணைப்பாக எட்டுப் பக்கம் கொடுத்தால் சிக்கல் தீரும். அதை அந்தந்த மாவட்டத்து ஆசிரியர்களே எழுதட்டும்.

கைரேகையைப் பற்றி ஒன்று, கண்டிச் சீமையைப் பற்றி ஒன்று என எட்டெட்டுப் பக்கத்தில் இரண்டு மாதிரிப் பாடங்களை நான் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் கீழும் மாணவர்கள் வீட்டிலிருக்கும் பெரியவர்களிடம் கேட்டு எழுத வேண்டிய நான்கு வினாக்களைச் சேர்த்திருக்கிறேன். குழு விரும்பினால் அனுப்பி வைக்கிறேன். நேரில் விளக்கச் சொன்னாலும் சென்னைக்கு வருகிறேன், பயணப்படி வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பட்டதாரி ஆசிரியர் ஒருவர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.