எந்த விபிஎன் என்பதைத் தடை வருமுன் சொல்லிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கையில் இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வரும் கட்டுரைகளைத் தவறாமல் வாசிக்கிறேன். 2024 பெப்ரவரி 1ஆம் திகதி சபாநாயகர் கையொப்பமிட்ட நாளிலிருந்து சட்டத்தரணிகள் எழுதுகிறார்கள், விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு பற்றியும் அதன் அதிகாரங்கள் பற்றியும் நிறைய வந்துவிட்டது. ஆனால் பேஸ்புக், வட்ஸ்அப் போன்றவற்றுக்குத் தடை என்று ஒன்று வந்தால் அன்று விடியற்காலையில் சனம் என்ன செய்யும் என்பதை யாரும் எழுதவில்லை. சுன்னாகத்தில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் அதை நான் எழுதுகிறேன்.

2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகனவில் நடந்த கலவரத்தோடு பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் நின்றன. ஒரு கிழமை போல் நின்றன. அந்த நாட்களில் கடைக்கு வந்தவர்களில் அரசியல் பேச வந்தவர்கள் குறைவு. "தம்பி, வைபர் வேலை செய்யுதில்லை. மகனோட கதைக்கேலாமல் கிடக்கு, ஒருக்கா பாருங்கோ" என்று வந்த அம்மாமார்தான் கூட. 2019இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு நடந்த அன்றே மறுபடியும் தடை. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் ஆட்கள் செத்துக்கிடக்க, தங்கள் உறவுகள் உயிரோடு இருக்கிறார்களா என்று வெளிநாட்டில் இருந்தவர்கள் துடித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஏப்ரல் 30 வரை அந்தத் தடை இருந்தது.

வதந்தியைத் தடுக்கத்தான் என்று அரசாங்கம் சொன்ன காரணத்தை நான் இலேசாக எடுக்கவில்லை. திகனவில் பேஸ்புக் வழியே மூட்டிய வெறுப்பில் முஸ்லிம் மக்கள் வீட்டையும் கடையையும் பறிகொடுத்தார்கள். அதில் தன் பங்குக்காகப் பேஸ்புக் நிறுவனமே 2020இல் மன்னிப்புக் கேட்டது. ஆனால் வதந்தி பரப்புகிறவன் தடை வந்த அரை மணித்தியாலத்துக்குள் விபிஎன், அதாவது தடையைச் சுற்றிப் போக உதவும் அப், போட்டுவிடுகிறான். அகப்படுவது மகனோடு கதைக்க வந்த அம்மாதான். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, ஊரடங்குக்குள் சமூக ஊடகங்களை மூடியபோது, அன்று அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவே தானும் விபிஎன் மூலம்தான் பதிவிடுவதாகவும் இப்படியான தடைகளால் ஒரு பயனும் இல்லை என்றும் டுவிட்டரில் எழுதினார். பதினைந்து மணித்தியாலம் போல் இருந்துவிட்டு அந்தத் தடை போய்விட்டது.

தடை போனாலும் அன்று ஏற்றிய அப் போகாது. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வருகிறேன். போன் சூடாகிறது, டேட்டா ஒரே நாளில் முடிகிறது, பூட்டிய திரையிலேயே விளம்பரம் வருகிறது என்று தடை முடிந்து மாதக்கணக்கான பிறகும் ஆட்கள் வந்தார்கள். போனை வாங்கிப் பார்த்தால் மேலே சின்னத் திறப்புப் படம் ஒன்று எரிந்துகொண்டிருக்கும். விபிஎன் இன்னும் ஓடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பேரன் பேத்தி யாரோ அவசரத்தில், முதலில் கண்ணில் பட்ட இலவச அப் ஒன்றை ஏற்றிக் கொடுத்திருப்பார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் தொடர்பு இலக்கங்கள், குறுஞ்செய்தி, இருக்கும் இடம் எல்லாவற்றுக்கும் அனுமதி வாங்கி வைத்திருக்கும். ஒரு விபிஎன்னுக்கு உங்கள் குறுஞ்செய்தி எதற்கு? வங்கியிலிருந்து வரும் ஓடிபி என்ற ஒருமுறைக் கடவு இலக்கம் அதற்குள்தானே கிடக்கிறது.

விபிஎன் செய்வது இதுதான். நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று சாதாரணமாக உங்கள் இணைய இணைப்பைத் தரும் கம்பனிக்குத் தெரியும். அதனால்தான் அரசாங்கம் சொன்னதும் அவர்களால் மறிக்க முடிகிறது. விபிஎன் போட்டால் உங்கள் போக்குவரத்து முழுவதும் மற்றவர் வாசிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்பட்டு, வெளிநாட்டில் உள்ள சேர்வர் என்ற ஒரு கணினிக்குப் போய், அங்கிருந்து பேஸ்புக்குக்குப் போகும். இங்குள்ள கம்பனிக்கு அந்தச் சேர்வர் மட்டும்தான் தெரியும். நீங்கள் போகும் தளங்களின் பெயர் இனிமேல் தெரியப்போவது அந்தச் சேர்வரின் சொந்தக்காரருக்கு. யுத்த நாட்களில் கிளாலிக் கடலால் படகில் போய்வந்த காலத்தில் கொழும்புக்குப் போகிறவரிடம் கடிதம் கொடுத்துவிடுவோமே, அப்போது வழியில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடமா கொடுத்தோம்?

நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அவுஸ்திரேலியாவின் அரச ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்கள் 2016இல் 283 அன்ட்ரொயிட் விபிஎன் அப்களைச் சோதித்தபோது 38 வீதமானவற்றில் தீங்கு நிரல் அறிகுறிகள் இருந்தன. 18 வீதமானவை குறியாக்கமே செய்யவில்லை. பேஸ்புக் கம்பனி வைத்திருந்த ஒனாவோ என்ற விபிஎன், ஆட்கள் எந்தெந்த அப் பாவிக்கிறார்கள் என்று தன் கம்பனிக்கே தகவல் சேர்த்துக் கொடுத்தது. 2020இல் யூஎஃப்ஓ விபிஎன் உட்பட ஹொங்கொங்கோடு தொடர்புடைய ஏழு இலவச விபிஎன்களின் பதிவுகள் பூட்டில்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தன. எந்தப் பதிவும் வைப்பதில்லை என்று விளம்பரம் செய்தவை அவை.

நல்லவையும் இருக்கின்றன, அவையும் இலவசம்தான். சைஃபோன் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லாப் என்ற ஆய்வுகூடத்தில் தடையை மீறுவதற்கென்றே 2006இல் பிறந்தது. புரோட்டோன் விபிஎன் சுவிற்சர்லாந்துக் கம்பனியினுடையது. இரண்டு அப்களின் மூலநிரலையும் யாரும் பார்க்கலாம். ஒருவரும் பின்தொடரக்கூடாது என்ற தேவை உள்ள ஊடகவியலாளர்களுக்கு டோர் என்ற உலாவி இருக்கிறது. அது மெதுவாக ஓடும், ஆனால் யார் எங்கே போகிறார் என்பது ஒரே ஆளின் கையில் முழுதாகச் சிக்காத வகையில் அமைத்தது. 2019இல் டனல்பேர் என்ற விபிஎன்னையும் இங்கே மறித்தார்கள். ஆகையால் ஒன்றுக்கு இரண்டாக ஏற்றி வைத்திருப்பது நல்லது. வேலை முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

விபிஎன் என்றாலே களவு வேலை என்று பயப்படுகிற ஆசிரியர்களையும் அலுவலர்களையும் கண்டிருக்கிறேன். வங்கிகளும் கம்பனிகளும் தங்கள் ஊழியர்களுக்குக் கொடுப்பதும் இதே விபிஎன்தான். 2007 ஜூனில் தமிழ்நெற் செய்தித் தளத்தை மறித்ததும், கொழும்பு டெலிகிராப் செய்தித் தளம் 2015 ஜனவரி வரை மறிபட்டுக் கிடந்ததும் எங்கள் வாசகர்களுக்கு மறந்திருக்காது. தங்கள் ஊர்ச் செய்தியை வாசிக்க வழி தேடிய சனத்தை நான் குற்றவாளி என்று சொல்லமாட்டேன்.

அடுத்த தடையை யாரும் முன்கூட்டி அறிவிக்கப் போவதில்லை. அதனால் தயவுசெய்து உங்கள் பத்திரிகையில் அரைப் பக்கம் ஒதுக்கி, எந்த அப், அதை எங்கிருந்து எடுப்பது, என்ன அனுமதி கேட்டால் கொடுக்கக்கூடாது என்று படத்தோடு போடுங்கள். வெட்டி வைத்துக்கொள்ளக்கூடிய மாதிரிப் பெரிய எழுத்தில் போட்டால் வயது போனவர்களுக்கும் உதவும். பிரதேச சபை நூலகங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணித்தியாலம் இதைச் சொல்லிக் கொடுக்கலாம். எங்கள் பக்கத்து நூலகம் இடம் தந்தால் நான் கடையைப் பூட்டிவிட்டு வரத் தயார். அம்மாமார் தங்கள் போனைக் கொண்டுவந்தால் போதும்.

இப்படிக்கு,
கைப்பேசி திருத்துநர் ஒருவர்,
சுன்னாகம்.