வேர் முற்றாத பல்லுக்குக் கணக்கே வேறு

ஆசிரியருக்கு,

கீழே விழுந்து முன்பல் செத்துப்போன பிள்ளைகளுக்கு ‘வேரை மீண்டும் வளர்க்கும்’ ரூட் கேனால் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை அவசியமான ஒன்று. ஆனால், வேருக்குள் ரத்தம் வரவழைப்பதுதான் (அந்த ரத்தக்கட்டியில்தான் புதுத் திசு வளர வேண்டும்) சிகிச்சை என்பதுபோல் எழுதியிருந்தது. அது சில நிமிட வேலை. பல் தேறுமா என்பது அதற்கு முன்பே, கிருமியை எப்படிக் கழுவினார்கள் என்பதில் முடிவாகிவிடுகிறது.

மேல் முன்பல் 7, 8 வயதில் முளைக்கும். வேர் நுனி மூட மேலும் சுமார் 3 ஆண்டுகள் பிடிக்கும். இடையில் பல்கூழ் (பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள மென்திசு) செத்தால் வேர் அப்படியே நின்றுவிடும்: சுவர் மெலிசு, நுனி அகலம். பெரியவர்கள் பல்லைப்போல் ஃபைல் என்ற மெல்லிய அரம் போட்டுச் சுரண்டினால் இருக்கிற சுவரும் போகும். ஆகவே சுத்தம் செய்யும் பொறுப்பு பெரும்பாலும் கழுவும் திரவத்துக்கே. செறிவு கூடினால் நுனியில் பிழைத்திருக்கும், புதுத் திசுவை உருவாக்கவல்ல ஸ்டெம் செல்லும் சாகும். அமெரிக்க எண்டோடான்டிஸ்ட் (வேர் சிகிச்சை நிபுணர்) சங்கம் 1.5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிக்கொல்லித் திரவம் போதும் என்கிறது: ஒரு வேர்க்குழலுக்கு 20 மி.லி., 5 நிமிடம். பக்கவாட்டில் துளையுள்ள ஊசி வேண்டும். அது நுனிக்கு 1 மி.மீ. முன்பே நிற்க வேண்டும். திறந்த நுனியில் அழுத்தித் தள்ளினால் திரவம் வெளியேறிக் கடுமையான வலியும் முகவீக்கமும் வரும்.

பிறகு 1 முதல் 4 வாரம் உள்ளே மருந்து. மூன்று ஆன்டிபயாட்டிக் கலந்த பசை என்றால் மி.லி.க்கு 1 முதல் 5 மி.கி.தான், கெட்டியாகக் குழைத்து அடைத்தால் செல்களுக்கு நஞ்சு. அதிலுள்ள மினோசைக்ளின் பல்லைக் கருக்கவும் செய்யும். சிரித்தால் தெரியும் பல்லுக்குக் கால்சியம் ஹைட்ராக்சைடே மேல் என்பது என் கருத்து. சீழோ வீக்கமோ அடங்காவிட்டால் மருந்தை மாற்றிக் காத்திருக்க வேண்டும். அடுத்த கட்டத்துக்குத் தாவக் கூடாது.

இரண்டாம் முறை வரும்போது, பழக்கதோஷத்தில் அட்ரினலின் கலந்த மரப்பு ஊசியைப் போட்டுவிட்டு ரத்தம் வரவில்லையே என்று திகைப்பதுண்டு. அட்ரினலின் ரத்தக்குழாயைச் சுருக்கிவிடுகிறது. அது கலக்காத 3 சதவீத மெபிவகெய்ன் வேண்டும். 17 சதவீத இ.டி.டி.ஏ. (கனிமத்தைக் கரைக்கும் திரவம்) 20 மி.லி. விட்டுக் கழுவினால், பல்சுவரான டென்டினில் சிறைப்பட்ட, செல்களை வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகள் வெளிப்படும். இதைத் தவிர்க்கக் கூடாது. வளைத்த ஃபைலை நுனி தாண்டி 2 மி.மீ. செலுத்தி ரத்தத்தைப் பல்லின் கழுத்துவரை ஏறவிட்டு, மேலே 3, 4 மி.மீ. இடம் விட்டு நிறுத்த வேண்டும். உறையாத ரத்தத்தின்மேல் எம்.டி.ஏ. (மூடி அடைக்கும் சிமென்ட்) வைத்தால் அது உள்ளே இறங்கிவிடும். கொலாஜன் (கரையும் புரதப் பஞ்சு) துண்டு ஒன்றை இடையில் வைப்பது நல்லது. பிஸ்மத் ஆக்சைடு உள்ள எம்.டி.ஏ.வும் பல்லின் நிறத்தைக் கெடுக்கும்.

‘பல்லுக்கு உயிர் வந்தது’ என்பது மிகை. உள்ளே வளர்வது பெரும்பாலும் சிமென்டம் (வேரின் வெளியுறை), எலும்பு போன்ற திசு; அசல் பல்கூழ் அல்ல. நுனிப் புண் 6 முதல் 12 மாதத்தில் ஆறலாம். சுவர் தடிப்பது 12 முதல் 24 மாதத்தில் எக்ஸ்ரேயில் தெரியலாம். சிலருக்குத் தடிக்காமலே போகும். வலி நின்றதும் வராமல் போகிறவர்களே அதிகம் என்பதால் 6, 12, 24 மாத எக்ஸ்ரேயை முதல் நாளே குறித்துக் கொடுக்க வேண்டும்.

தோற்றாலும் நுனியை எம்.டி.ஏ.வால் அடைக்கும் வழி இருக்கிறது. பிடுங்கிவிட்டு இம்பிளான்ட் வைக்கலாம் என்பவர்களுக்கு ஒன்று: தாடை வளர்ந்து முடியும்வரை இம்பிளான்ட் வைக்க முடியாது, அதற்குள் அந்த இடத்து எலும்பு கரைந்துவிடும்.

– பல் மருத்துவர் ஒருவர், திருச்சி